அம்மாவுக்கு நான் கொடுத்த மூன்று சொற்கள்

எந்த மகளுக்கும் ஒரு வயதில் தன் அம்மாவைத் திருத்தி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை வரும். சிலர் அம்மாவின் சேலைக் கட்டைத் திருத்துவார்கள். சிலர் குழம்பில் எண்ணெயைக் குறைக்கச் சொல்வார்கள். நான் கொஞ்சம் பெரிய வேலையாக எடுத்துக்கொண்டேன். என் அம்மாவின் பேச்சைத் திருத்தப் போனேன்.

அந்தப் பேச்சைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் பெயர் பாக்கியம். இலங்கை மலைநாட்டில் ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒரு மலையில் நின்றுகொண்டு எதிர்மலையில் நிற்கும் தோழியிடம் முந்தின நாள் குழம்பில் உப்புக் கூடிப்போன கதையைச் சாவகாசமாகச் சொல்லக்கூடியவர். தோட்டத்துக்குக் கைப்பேசி வந்தபோது எல்லோரும் அதிசயப்பட்டார்கள். அம்மாவுக்கு அதில் பெரிய அதிசயமாக ஒன்றும் தெரியவில்லை. (இன்றைக்கும் அம்மா போனில் வந்தால் நான் போனை மேசையில் வைத்துவிட்டுத் துணி மடிப்பேன். ஸ்பீக்கர் போடத் தேவையில்லை.) பெல்மதுளைச் சந்தையில் அம்மா சிங்களத்தில் பேரம் பேச ஆரம்பித்தால், பக்கத்துக் கடைக்காரரும் பயந்துபோய்த் தன் விலையைக் குறைத்துக்கொள்வார்.

நான் இந்த அம்மாவுக்கு ஒரே மகள். படித்து ஆசிரியையாகி, பெல்மதுளைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே கணிதம் கற்பிக்க வடக்கிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் மயூரன். நியமனம் கிடைத்த முதல் வாரத்திலேயே மாற்றலுக்கு எழுதிப் போட்டவர், பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. பாடசாலை முழுவதற்கும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான். “அந்தப் புள்ள சாப்பிடுமா, இல்ல அப்படியேதான் இருக்குமா?” (மயூரன் அப்போது கொடிக்கம்பம் மாதிரி இருப்பார்.) அப்பா வழக்கம்போலச் சிரித்தார். தடை எங்கள் பக்கத்தில் இல்லை. அவருடைய அம்மா மட்டும், “நான் ஒருக்கா நேரில வந்து பாக்கிறன். பேந்து சொல்லுறன்” என்றிருந்தார். கணவரை இழந்து, தனியாக மகனை வளர்த்து ஆளாக்கியவர். மலைநாட்டுப் பக்கமே வந்ததில்லை.

‘பிறகு’ என்பதற்கு வடக்கில் சொல்லும் அந்தப் ‘பேந்து’ என் தூக்கத்தைக் கெடுத்தது. ஆசிரியர் கலாசாலையில் என் அறையில் இருந்த வடக்குப் பெண் ஒருத்தி, நான் “நாங்க போறோம்” என்று சொல்லும்போதெல்லாம் அதையே திரும்பச் சொல்லிக் காட்டுவாள். தோட்டத்திலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் சிலர் நம்மிடம் பேசும் வேகத்தைக் குறைப்பார்கள், நமக்குக் காது மந்தம் போல. அதற்குப் பிறகு வெளியே ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ் என்று பழகிக்கொண்டேன். நான் தப்பித்துவிட்டேன். ஆனால் மயூரனுடைய அம்மா வந்து எங்கள் வீட்டில் நின்று, என் அம்மா வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன்.

ஆகவே பயிற்சி வகுப்பு தொடங்கியது. இடம், எங்கள் குசினி. மாணவி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“அம்மா, அவங்க வந்தா ‘வாங்க’ன்னு சொல்லாதீங்க. ‘வாங்கோ’ன்னு சொல்லுங்க.”

“ஏன், ‘வாங்க’ன்னா வரமாட்டாங்களா?”

“வருவாங்க. ஆனா ‘வாங்கோ’ன்னா அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். அப்புறம், ‘உக்காருங்க’ன்னு சொல்லக்கூடாது. ‘இருங்கோ’.”

அம்மா கையை நிறுத்தினார். “நிக்கிறவங்கள பாத்து ‘இருங்க’ன்னா, நின்னுக்கிட்டேதானேடி இருப்பாங்க?”

“அவங்க பேச்சுல ‘இருங்கோ’ன்னா உக்காரச் சொல்றதும்மா.”

“அப்ப ‘கொஞ்சம் இருங்க, வந்துர்றேன்’னு சொல்றதுக்கு?”

“பொறுங்கோ.”

“நான் எதுக்குடி அவங்கள பொறுத்துக்கச் சொல்லணும், நான் என்ன தப்புப் பண்ணேன்?”

நான் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். “அழகா இருக்குன்னா, ‘வடிவா இருக்கு’ன்னு சொல்லணும்.”

“எந்த வடிவு? மேட்டு லயத்து வடிவா? அவ எங்கடி அழகு?”

வகுப்பு அத்தோடு குலைந்தது. அடுத்த நாளும் இப்படித்தான். என் அம்மாவால் எந்தச் சொல்லையும் அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. கேள்வி கேட்டு, சொந்தக்காரர்களோடு ஒப்பிட்டு, இரண்டு பழைய கதையை இழுத்துவிட்டுத்தான் விடுவார். கடைசியில் நான் பாடத்திட்டத்தைச் சுருக்கினேன். மூன்றே சொற்கள்.

“வரும்போது ‘வாங்கோ’. வந்த பிறகு ‘இருங்கோ’. அதுக்கப்புறம் என்ன கேட்டாலும் ‘ஓம்’. அவ்வளவுதான்மா.”

“ஓம்னா ஆமாவா?”

“ஆமா.”

“கேட்டது எனக்கு விளங்கலைன்னா?”

“அப்பவும் ஓம்.”

“வீடு பத்திக்கிட்டு எரிஞ்சா?”

“அம்மா.”

“சும்மா கேட்டேன். சரி, ஓம்.”

அந்த ‘ஓம்’ வந்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் அம்மா வாழ்நாளில் எதற்கும் ஒரே சொல்லில் பதில் சொன்னதில்லை. நான் என் கற்பித்தல் திறமையை மெச்சிக்கொண்டேன்.

(அப்பாவுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அவர் பிறந்ததிலிருந்தே ஓம்தான்.)

சாப்பாட்டிலும் நான் கை வைத்தேன். அம்மா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் செய்வதாக இருந்தார். நான் மறுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவருக்குப் பிட்டுத்தான் மரியாதை என்று தீர்மானித்து, யூடியூபில் ஒரு அம்மணி செய்வதைப் பார்த்து நானே அவித்தேன். அந்த அம்மணிக்குப் பூப்போல உதிர்ந்தது. எனக்கு உருண்டையாக வந்தது. ஒன்று கைதவறிக் கீழே விழுந்தபோது உடையாமல் உருண்டுபோய் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் நின்றது. அம்மா பின்பக்கத்து அடுப்பில் தனக்கென்று நாலு ரொட்டியைச் சுட்டு, சம்பலும் இடித்துத் துணி போட்டு மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, விடாமல் பெய்த மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம் அவர்கள் வந்தார்கள். முச்சக்கர வண்டி கோயில் வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் தேயிலைக்கு நடுவே இருக்கும் குறுக்குப் பாதையில் ஏறி வர வேண்டும். நான் குசினித் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முன்னால் சப்பாத்தும் மேசுமாகக் காலை முழுக்க மூடிக்கொண்டு மயூரன். பின்னால் இளமஞ்சள் சேலையில், செருப்புக் காலோடு, நெற்றியில் நிறைய திருநீறுமாக அவருடைய அம்மா. இறுகிய முகம். ஏதோ ஒன்றை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வருகிறவர் மாதிரி உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மந்திரம் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா கைகூப்பினார். தெளிவாக, அளவான சத்தத்தில், “வாங்கோ” என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு அழகான ‘வாங்கோ’வை வடக்கிலேயே கேட்க முடியாது.

“வணக்கமுங்க” என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. ‘வணக்கமுங்க’வா?

“இருங்கோ” என்றார் அம்மா, கதிரையைக் காட்டி.

அவர் நின்றார்.

“இருங்கோ.”

“சரிங்க. நான் இருக்கனுங்க” என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார்.

அம்மா மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்தார். அவர் சுவரோரமாக இன்னும் கொஞ்சம் தள்ளி, வசதியாக நின்றுகொண்டார். அவர் நிற்பதால் அப்பா எழுந்து நின்றார். அப்பா நிற்பதால் உட்காரப் போன மயூரனும் நின்றார். பஸ்ஸுக்கு நிற்பது போல நால்வரும் எங்கள் முன்னறையில் நின்றார்கள்.

நான் கொடுத்த சொற்கள் தீர்ந்துபோன நிலையில், அம்மா தன் கையிருப்பில் இருந்த இன்னொரு மொழியை எடுத்தார். சிங்களத்தில் உட்காரச் சொன்னார்.

“வாடி வென்ன.”

வந்தவருக்குச் சிங்களம் தெரியாது. அவர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். என் வருங்கால மாமியாரை என் அம்மா, வீட்டுக்குள் வந்த கொஞ்ச நேரத்தில், ‘வாடி’ என்று கூப்பிட்டுவிட்டார்.

அவருடைய முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன். ஆனாலும் பெரிய மனுஷி. சமாளித்துக்கொண்டு, “நாங்கங்க, வெள்ளனவே வெளிக்கிட்டமுங்க” என்றார்.

“ஓம்” என்றார் அம்மா.

“பாதை வலு ஏத்தமுங்க.”

“ஓம்.”

“உங்க மகளுங்க, நல்லா சமைக்குமாங்க?”

அம்மா ஒரு கணம் தயங்கினார். என் பிட்டை நினைத்திருப்பார். பிறகு, “ஓம்.”

ஒவ்வொரு ‘ங்க’வும் எனக்கு ஊசியாகக் குத்தியது. வடக்கிலிருந்து வந்த ஒருவர் எதற்காக வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட வேண்டும்? என் மனதில் கலாசாலை அறைத்தோழியின் முகம் வந்து நின்றது. அவளும் இப்படித்தான், சிரிக்காமல், நீட்டி நீட்டிச் சொல்வாள். இங்கே என் அம்மா என் பேச்சைக் கேட்டு மரியாதையாக ஓம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே அந்த அம்மா எங்கள் பேச்சை எங்கள் வீட்டிலேயே நின்று பழித்துக் காட்டுகிறார்.

இதில் இன்னொன்றையும் கவனித்தேன். அம்மா அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பாவம், கூச்சத்தில் தலைகுனிந்து நிற்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

“கல்யாணத்தங்க, எங்க ஊருல வச்சுக்கலாமாங்க?”

“ஓம்” என்றார் அம்மா, காலைப் பார்த்தபடி.

“எங்க கோயில் திருவிழாவுக்குங்க, வருஷா வருஷம் நீங்க வந்து முழுத் திருவிழாவுக்கும் எங்க வீட்டுல நிக்கோணுமுங்க.”

“ஓம்.”

“உங்க மக, வாய் காட்டாத புள்ளதானேங்க?”

“ஓம்.”

இந்த இடத்தில்தான் நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனேன். கையில் தேத்தண்ணித் தட்டு. அதை மரியாதையாக நீட்டி, தலைகுனிந்து, நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ‘எடுங்கோ’வைச் சொல்ல வேண்டிய கட்டம். நான் தட்டை அப்பாவின் கையில் கொடுத்தேன். வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை. எதிர்மலைக்குக் கேட்கும் அம்மாவின் குரல்.

“போதுங்க. நாங்க இப்படித்தாங்க பேசுவோம். எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்க, அவங்கம்மாவும் இப்படித்தான் பேசுனாங்க. இந்த ‘ங்க’ எங்க பாட்டன் பூட்டன் கப்பல்ல வரும்போதே கொண்டாந்ததுங்க. இதப் பேசிக்கிட்டே கொழுந்து பறிச்சுத்தான் என்னைய டீச்சராக்குனாங்க. எங்க வீட்டுக்கே வந்து நின்னுக்கிட்டு எங்கள நக்கல் பண்ணுறது நல்லா இல்லீங்க. உங்களுக்கு எங்களப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க. நாங்க ஒண்ணும் கொறஞ்சு போயிறமாட்டோம்.”

மேட்டு லயத்து வரிசை வீடுகளில் நாய் குரைக்க ஆரம்பித்தது. அப்பா தட்டை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். மயூரன் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தன் மகனைப் பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். நாங்கள் பழகிய இரண்டு வருடமும், மயூரன் மாற்றலைக் கைவிட்டதும், எல்லாமே அந்த முன்னறையில் முடிந்துவிட்டது. இனி இவர்கள் இறங்கிப் போவார்கள். நாளைக்குப் பாடசாலையில் ஆசிரியர் அறையில் நான் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது?

அப்போது அம்மா பேசினார். மிக நிதானமாக.

“வனிதா, கத்துனது போதும். போயி உப்ப எடுத்துக்கிட்டு வா. அந்தம்மா காலுல அட்ட.”

எல்லோரும் குனிந்து பார்த்தோம். இளமஞ்சள் சேலையின் கரைக்குக் கீழே, கணுக்காலில், நன்றாகக் குடித்துக் கொழுத்த ஒரு அட்டை நாவற்பழம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஒன்று குடித்து முடித்து விழுந்துவிட்டது போலிருக்கிறது, பாதத்தில் ரத்தம் வழிந்து, சேலைக் கரை சிவந்திருந்தது.

“ஐயோ அம்மாளாச்சி, இதென்னடா இது, ரத்தம். மயூரன், எடடா, கெதியா எட” என்று அவர் அலறியதில் ஒரு ‘ங்க’கூட இல்லை. தன் அம்மாவைக் காப்பாற்ற வேண்டிய மயூரன் கதிரையின் மேல் ஏறி நின்றார்.

நான் உப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். “எப்பம்மா பாத்தீங்க?”

“உள்ள வரும்போதே பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

அம்மா அவரைக் கையைப் பிடித்து ஒரு வழியாகக் கதிரையில் உட்கார வைத்து, அட்டையின் மேல் உப்பைத் தூவினார். “நீதானே ஓம் மட்டும் சொல்லச் சொன்ன. அவங்க ‘கால்ல அட்ட கடிக்குதா’ன்னு கேப்பாங்க, ஓம் சொல்லலாம்னு நானும் காத்துக்கிட்டே இருந்தேன். கேக்கவே இல்ல.”

அட்டை சுருண்டு விழுந்தது. அதோடு அம்மாவின் விரதமும் முடிந்தது. “பயப்படாதீங்கம்மா, இது ஒண்ணும் பண்ணாது, கெட்ட ரத்தத்தைத்தான் குடிக்கும். உங்க மகன் கால மூடிக்கிட்டு வந்துட்டாரு, பெத்தவள அம்போன்னு விட்டுட்டாரு. இவருக்கு அட்ட இருக்கிறது தெரியாதா, இங்க வந்து எத்தன வருஷம், ஒரு சோப்பாச்சும் தடவி விடக்கூடாதா” என்று ஆரம்பித்து, தன் கல்யாணத்தன்று மணவறையில் தன் காலில் அட்டை ஏறிய கதைக்குப் போய்விட்டார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது.

மயூரனின் அம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதை ஓய்ந்ததும், “நீங்கள் இவ்வளவு கதைப்பியளோ?” என்றார். “நான் உங்களுக்கு என்னில விருப்பமில்லையாக்கும் எண்டெல்லோ நினைச்சன். எதைக் கேட்டாலும் ஓம், ஓம் எண்டுகொண்டு என்ர காலையே பாக்கிறியள்.”

“இவதாங்க அப்படிச் சொல்லச் சொன்னா. உங்க பேச்சு பேசலைன்னா நீங்க கோவிச்சுக்குவீங்களாம்.”

அவர் மெதுவாகத் திரும்பித் தன் மகனைப் பார்த்தார். மயூரன் இன்னும் கதிரையில் நின்றார்.

“இவன் எனக்கு என்ன சொன்னவன் தெரியுமே? அங்க போய் ‘ங்க’ போடாமல் கதைச்சால் மரியாதை தெரியாத மனுசி எண்டு நினைப்பினமாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ போடட்டாம். ஒரு கிழமையா என்னைப் போட்டு வதைச்சுப் போட்டான். மலையில ஏறேக்கையும் பாடமாக்கிக்கொண்டுதான் வந்தனான்.”

(மந்திரம் அதுதான்.)

“அது கிடக்கட்டும். ‘இருங்க’ எண்டால் அங்க ‘கொஞ்சம் நில்லுங்கோ’ எண்டுதான் அர்த்தம், டக்கெண்டு போய்க் குந்திப் போடாதேங்கோ எண்டும் இவன்தான் சொன்னவன். எனக்கு முழங்கால் உளையுது.”

அம்மா என்னைப் பார்த்தார். அவர் தன் மகனைப் பார்த்தார். இரண்டு வீட்டிலும் இரண்டு ஆசிரியர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், பெற்ற தாய்க்கு வகுப்பெடுத்திருக்கிறோம். அதுவும் இருவரும் எதிரெதிர்த் திசையில். முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் அப்பா என்றுதான் சொல்வேன். அவர் சிரித்ததில் தேத்தண்ணி முழுவதும் தட்டில் கொட்டியது.

“ஒண்டு கேக்கிறன்” என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “என்னை ‘வாடி’ எண்டு கூப்பிட்டது ஆர் சொல்லித் தந்தது?”

அம்மா அது சிங்களம் என்று விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, “தமிழ்லதானே பேசக்கூடாதுன்ன” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். எந்தத் தமிழில் கேட்பது என்று தெரியாமல் இரண்டையும் கலந்து திணறினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பிள்ளை, நீர் கத்தினதில பாதி எனக்கு விளங்கேல்லை. ஆனா உம்மட அம்மாவை ஆரோ நக்கலடிக்கினம் எண்டு நினைச்சு எனக்கு முன்னால வந்து நிண்டீரே, அது விளங்கினது.” பிறகு மகனைக் காட்டி, “என்ர இவன் அட்டையைக் கண்டு கதிரையில ஏறிட்டான். நீரெண்டாலும் இருக்கிறீர்” என்றார்.

சம்மதம் அப்படித்தான் வந்தது. வெற்றிலை பாக்குக்கு முன்னால், மயூரன் கதிரையிலிருந்து இறங்குவதற்கு முன்னால்.

என் பிட்டை அவர் ஒரு உருண்டை எடுத்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். மரியாதையாகத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, “பின்னால ஏதோ சுட்ட வாசம் வருதே, அது என்ன?” என்று கேட்டார். அம்மா பெருமையை மறைக்கப் பாடுபட்டபடி மூடி வைத்திருந்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் எடுத்து வந்தார். இருவரும் குசினிப் பலகையில் உட்கார்ந்து, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டார்கள். எங்களுக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை. மயூரனும் நானும் முன்னறையில் உட்கார்ந்து பிட்டைச் சாப்பிட்டோம். அப்பா பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

போகும்போது அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் ஓம் எண்டு சொன்னதெல்லாம் ஓம்தானே?” என்று கேட்டார். சிரிப்பில் இருந்த அம்மா யோசிக்காமல், “ஓம்” என்றார்.

அம்மா எதற்கெல்லாம் ஓம் சொல்லியிருந்தார் என்பது அவர்கள் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கல்யாணம் வடக்கில்தான் நடந்தது. தோட்டத்துச் சனம் ஒரு பஸ் நிறைய, விடிய விடியப் பாட்டுப் பாடிக்கொண்டு போய் இறங்கியது. வடக்கின் அந்தச் சிறிய கிராமம், ஒரு மணப்பெண்ணின் அம்மா மணவறையிலிருந்தே பந்தலின் மறுகோடிச் சமையற்காரரோடு பேசுவதை முதல் தடவையாகக் கேட்டது. ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு அம்மா போய்விடுவார். தேயிலைப் பொட்டலம், பலாக்காய், மீன்குழம்புக்குக் காய்ந்த கொறக்காப்புளி எல்லாம் மூட்டையாகப் போகும். திரும்பி வரும்போது காய்ந்த பனங்கிழங்கான ஒடியலும் பனங்கட்டியும், கூடவே கொஞ்சம் தமிழும் வரும். இப்போது அம்மா எங்களை அவசரப்படுத்தும்போது “கெதியா வாடி” என்கிறார். மாமி அங்கிருந்து போன் எடுத்து, “என்னங்க, சாப்டீங்களா” என்று என் அம்மாவைக் கேட்கிறார். நாங்கள் இருவரும் சொல்லிக்கொடுத்தபோது வராததெல்லாம், சொல்லிக்கொடுப்பதை விட்டதும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் யாராவது ஒரு விஷயத்தைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் நின்றால், “என்ன, காலுல அட்டையா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அம்மா ஒரே சொல்லில் ‘ஓம்’ என்றால், குடும்பமே நிறுத்திவிட்டு, எதைத் தவறவிட்டோம் என்று தேட ஆரம்பிக்கும்.

போன மாதம் எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் நான் வரவேற்புரை நிகழ்த்தினேன். அம்மாவும், எங்களோடு தங்க வந்திருந்த மாமியும் முன்வரிசையில் இருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் பார்த்தால், இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அசையாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாடசாலை அதிபர், பிரமுகர்கள், பெற்றோர் எல்லோரும் பார்த்திருக்க, பேச்சை நிறுத்தி, சேலையைக் கணுக்கால்வரை தூக்கி, குனிந்து பார்த்தேன். அட்டை இல்லை. ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறுகாலில் மண்ணிறச் செருப்பு.

நிமிர்ந்து அவர்களைப் பார்த்தேன். இரண்டு அம்மாமாரும் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். ஓம்.